ஆர்லிஸ் வோண்ட்ரா போட்ட ஓட்டு

ஆர்லிஸ் வோண்ட்ராவும் நானும் பத்தொன்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து ஓட்டினோம். வடக்குச் சாலை அவளுக்கு, ஆற்றோரச் சாலை எனக்கு. அதிகம் பேசமாட்டாள். பனியில் யாருடைய வண்டி சிக்கினாலும் மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பது அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மைலோதான் அவளுக்குக் குடும்பம்.

மைலோ எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. காலாவதியான உரிமத்தோடு லாரி ஓட்டியதற்காக அவன் மேல் ஒரு சின்ன வழக்கு இருந்தது. நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய தேதியை அறுவடை வேலையில் மறந்துவிட்டான். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை மாலை அவனைப் பிடித்து, கவுண்டி என்று நாங்கள் சொல்லும் மாவட்டத்தின் சிறையில் அடைத்தார்கள். இங்கே செப்டம்பர் முதல் திங்கள்தான் தொழிலாளர் தினம், அதனால் அன்றும் விடுமுறை. செவ்வாய்க்கிழமைதான் நீதிபதி வருவார்.

சனிக்கிழமை காலை ஆர்லிஸ் இன்சுலினை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "வெளி மருந்த வாங்கக் கூடாதும்மா. உள்ளயே பாத்துக்குவாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் போனாள். அதே பதில். திங்கள் காலை, கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் ரோஜர் டாஸ்லர் அவள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மைலோ இறந்துவிட்டதாகச் சொன்னார்.

காவலில் நடந்த சாவு என்பதால் சட்டப்படி ஊர்க்காரர்களைக் கொண்ட நடுவர் குழு கூடியது. யார் மேலும் குற்றம் இல்லை என்று முடித்தது. ஆர்லிஸ் கவுண்டி நிர்வாகக் குழுவிடம் போனாள். "ஷெரிஃப் எங்களுக்குக் கீழ இல்லயே" என்று கைவிரித்தார்கள். கடைசியில் தேர்தல் வேலைகளைப் பார்க்கும் கவுண்டி எழுத்தர் ஜோலினிடம் போய் நின்றாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"அந்தாளுக்கு மேலதிகாரி யாரு, ஜோலின்?"

"யாரும் இல்ல, ஆர்லிஸ். சாலை, ரோந்து மட்டும் இல்ல, ஜெயிலும் அவர் பொறுப்புதான். நாலு வருஷத்துக்கு ஒரு தடவ ஓட்டுப் போடுறவங்கதான் அவரக் கேக்கலாம்."

"ஓட்டுச்சீட்டுல ஷெரிஃப்னு இருக்கிற இடத்துல நான் குறியே போட்டதில்ல. எப்பவும் ஒரே ஒரு பேருதான் இருக்கும். அதுல என்னத்தக் குறிக்கிறதுன்னு விட்டுருவேன்."

"நவம்பர் தேர்தல்ல ஒரு பேருதான் இருக்கும். சண்டையெல்லாம் மே மாசம், கட்சி தன் வேட்பாளரப் பொறுக்குற ஓட்டுலயே முடிஞ்சுரும். அதுல கட்சியில பதிஞ்சவங்கதான் போட முடியும். நீதான் எந்தக் கட்சியிலயும் பதியலயே. உனக்கு அந்த ஓட்டுச்சீட்டே வராது."

ஆர்லிஸ் மேசைக்கு மேல் கையை நீட்டினாள். "டாஸ்லரோட கட்சியில பதியற தாளக் கொடு" என்றாள். வெளியே வந்ததும், "அப்பா இருந்தா என்னை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டார். வாழ்நாள் பூரா அந்தக் கட்சிய எதுத்தே ஓட்டுப் போட்ட மனுஷன்" என்றாள். சிரிப்பதுபோல் ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டாள்.

மைலோ இறந்த மறு வருஷத் தேர்தலில் டாஸ்லரை எதிர்த்து அதே கட்சியில் கர்ட் ஸ்லாமா நின்றான். அவரிடமே துணை ஷெரிஃபாக இருந்து, குளிர்காலத்தில் வேலையை விட்டவன். ஏப்ரலில் முன்னாள் படைவீரர் மன்றத்தில் இருவரையும் மேடையேற்றினார்கள். ஊரில் பாதி வந்திருந்தது. கேள்வி நேரத்தில் ஆர்லிஸ் எழுந்தாள்.

"என் தம்பி ஞாயித்துக்கிழம மருந்து கேட்டானா, இல்லயா? ரெண்டு பேரும் சொல்லுங்க."

டாஸ்லர் முந்திக்கொண்டார். "உங்க துக்கம் எனக்குப் புரியுது. நடுவர் குழு பாத்து முடிச்சாச்சு. அதுக்கு மேல நான் பேசக் கூடாது."

ஸ்லாமா ஒலிவாங்கியைக் கையில் எடுத்தான். "கேட்டார். ரெண்டு தடவ. வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தார். அன்னிக்கு நான்தான் பணியில இருந்தேன். பதிவேட்டுல எழுதினேன். ஷெரிஃபுக்குப் போன் பண்ணேன். செவ்வாய்க்கிழம பாத்துக்கலாம்னார். நான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "இத ஏன்டா நடுவர் குழு முன்னாடி சொல்லல?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். நீ என்ன பண்ணியிருக்கலாம்னு யாரும் கேக்கல. நானாவும் சொல்லல."

ஆர்லிஸ் உட்கார்ந்தாள். அவள் கை என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது. வீடு போகும்வரை விடவில்லை.

அடுத்த இரண்டு வாரம் யாருக்குப் போடுவது என்று அவள் முடிவு செய்யவில்லை. "ரெண்டு பேருக்குமே போடாத. உனக்கு எதுக்கு இந்தப் பாவம்?" என்று நான்தான் சொன்னேன்.

"போடாம வீட்ல இருந்தா டாஸ்லர் அப்படியே உக்காந்திருப்பார். இவன் நின்னு பாத்துக்கிட்டிருந்தவன். ஆனா என்ன நடந்துச்சுன்னு எனக்கு இவன்தான் சொன்னான்."

அதன்பின் மாலைதோறும் தன் பேருந்துச் சாலையில் வீடு வீடாகப் போனாள். இன்னாருக்குப் போடுங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சிறை யார் பொறுப்பு என்று தெரியுமா என்று மட்டும் கேட்டாள். பலருக்கும் தெரியவில்லை. கால்நடைப் பண்ணைக்காரர் ஒருவர், "எங்க வீட்ல ஜெயிலுக்குப் போறவங்க யாரும் இல்லம்மா" என்றார்.

"எங்க வீட்லயும் இல்லாமத்தான் இருந்துச்சு" என்றாள் ஆர்லிஸ்.

அவர் கதவை அகலத் திறந்து, "உள்ள வா" என்றார்.

மே மாதம் ஓட்டு எண்ணியபோது ஸ்லாமா முப்பத்தேழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான். நவம்பரில் அவனை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஜனவரியில் பொறுப்பேற்ற வாரமே சிறைக்கு ஒரு செவிலியரை வேலைக்கு எடுத்தான். வாரக்கடைசியிலும் விடுமுறையிலும் மருத்துவரை அழைக்க யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு ஒருநாள் எங்கள் பேருந்து நிறுத்துமிடத்துக்குச் சீருடையில் வந்தான். ஆர்லிஸ் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"நன்றி சொல்லலாம்னு வந்தேன்."

"ஓட்டுப் போட்டேன். மன்னிக்கல. ரெண்டயும் ஒண்ணாக்கிக்காத, கர்ட்."

"சரிம்மா" என்றான். அவள் கதவைச் சாத்தவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை. அவனே திரும்பிப் போனான்.

அந்த மாதத்திலிருந்து கவுண்டி நிர்வாகக் குழு கூடும் செவ்வாய்க்கிழமைகளில் ஆர்லிஸ் முன்வரிசையில் உட்காருகிறாள். பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் எழுந்து, சிறையில் இப்போது எத்தனை பேர் மருந்து எடுக்கிறார்கள், யாருக்காவது ஒரு வேளை தவறியதா என்று கேட்பாள். அந்தக் குழுவுக்குக் கீழே இல்லாவிட்டாலும் ஸ்லாமா எழுந்து கையிலுள்ள தாளைப் பார்த்துப் படிப்பான். போன மாதம் ஒன்பது பேர். ஒருவருக்கு இரண்டு மணி நேரம் தாமதம். ஏன் என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள்.