மலிவான தாது உப்பு

பன்றிப் பண்ணையில் அவளை எல்லோரும் மிளகாய் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே. பதினாறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. காலையில் ஆண்பன்றிகளிடமிருந்து எடுத்துவரும் விந்தில் ஒரு சொட்டை இளஞ்சூடான கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தேறும், தேறாது என்று சொல்ல வேண்டும். அவள் தேறும் என்றால்தான் அது பெண்பன்றிகளுக்குப் போகும்.

அந்த வருடம் மழை ஓய்ந்ததிலிருந்து பாதிக்கு மேல் தேறவில்லை. உயிரணுக்கள் முன்னே ஓடாமல் நின்ற இடத்திலேயே வட்டமடித்தன; பலவற்றுக்கு வால் சுருண்டிருந்தது. தேறியதைச் செலுத்தியும் பல பெண்பன்றிகளுக்குச் சினை பிடிக்கவில்லை.

மேலாளர் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "உங்க கைதான் சரியில்லம்மா. கண்ணும் மங்கியிருக்கும்."

"கண்ணு மங்கினா வால் சுருண்டா தெரியும்? நீங்களே உக்காந்து பாருங்க சார்."

அவர் உட்காரவில்லை. மூன்று ஆண்பன்றிகளுக்கு வயதாகிவிட்டதென்று எழுதி, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கறிக்கு அனுப்பிவிட்டார். அதில் ஒன்றுக்கு இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை. அவள் குரல் கேட்டாலே உறுமிக்கொண்டு கம்பியருகே வந்து நிற்கும்.

வண்டி போன பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. எல்லா ஆண்பன்றிக்கும் ஒரே சமயத்தில் கெட்டால் அது வயதில்லை, தின்பதில்தான் கோளாறு என்று நேராகத் தீவன அறைக்குப் போனாள்.

"அண்ணே, தீவனத்துல என்னத்த மாத்தினீங்க?"

தீவனம் கலக்குபவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "நான் எதையும் மாத்தலம்மா. தாது உப்பு மூட்டைதான் நாலு மாசமா வேற வருது. விலை கம்மியாம். மேனேஜர் சார் பாத்து முடிச்சது."

அவள் மூட்டையைப் புரட்டிப் படித்தாள். சுண்ணாம்பும் சோற்றுப்பும்தான் நிறைய. ஜிங்க் பேருக்கு இருந்தது. செலினியம் என்ற சொல்லே இல்லை. உயிரணு நன்றாக உருவாகத் தேவையான இந்த இரண்டும் பழைய மூட்டையில் போதுமான அளவு இருந்தன.

மூட்டையின் சீட்டைக் கிழித்துக்கொண்டு முதலாளி அறைக்குள் நுழைந்தாள். மேலாளர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என் கை சரியில்லைன்னாரே, இத அவரையே படிக்கச் சொல்லுங்க சார்."

கால்நடை மருத்துவரை அழைத்து, தீவனத்தைச் சோதித்தார்கள். அவள் சொன்னதே சரியாக இருந்தது. பழைய கலவை திரும்பி வந்தது. ஆனால் புது உயிரணு உருவாகி வெளிவர ஆறேழு வாரம் பிடிக்கும். அத்தனை வாரமும் மேலாளர், "என்னம்மா, உங்க மந்திரம் பலிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எட்டாவது வாரம் கண்ணாடித் தகட்டில் உயிரணுக் கூட்டம் முன்னே ஓடி அலைமோதியது. முதலாளி வந்து பார்த்துச் சிரித்தார். "விடும்மா, அதான் சரியாயிடுச்சே."

"போன மூணும் திரும்ப வரல சார். என் மேல போட்ட பழிய இவர் எல்லார் முன்னாடியும் எடுக்கணும்."

மேலாளர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழல," என்றாள்.

அவர் உரக்கச் சொன்னார். தீவனம் கலக்குபவர் வரை கேட்டது.

மாலையில் கணவர் கேட்டார்: "அதான் மன்னிப்புக் கேட்டாச்சே. இன்னும் ஏன் உர்ருன்னு இருக்க?"

"எங்கிட்ட கேட்டாரு. அந்த மூணுகிட்ட யாரு கேக்கிறது?"

மறுவாரமே இன்னொரு சண்டை போட்டாள். எந்த மூட்டை வந்தாலும் அவள் படித்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டாள். மேலாளரிடம் அதற்குப் பிறகு தேறும், தேறாது தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.