பிரெய்ல் இயந்திரத்துக்குப் பப்பா எழுதிய நிரல்

நான் பிழைச் செய்திகளை வாசித்தேன். பப்பா இறால் உரித்துக்கொண்டே பதில் சொன்னார். உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

என் அப்பா அர்மான், மில் மூடிய பிறகு கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைத்தவர். பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு பழைய பிரெய்ல் அச்சு இயந்திரம் வந்தபோது, அதை லினக்ஸில் ஓட்டும் நிரலை அவரே எழுதினார். சில ஆண்டுகள் ஓடியது. 2005-இல் பள்ளிக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு எரிந்தது. புதிய போர்டுக்கு லினக்ஸின் உள்மையமான கர்னலும் புதிதாகத் தேவைப்பட்டது. அதில் அவர் நிரல் கம்பைல்கூட ஆகவில்லை; பிழைச் செய்திகள்தான் வந்தன.

காரணம் அவருக்குத் தெரியும். பிரிண்டர் இணைப்பைக் கவனிக்கக் கர்னலில் தனி மாட்யூல் உண்டு. அதனிடம் கேட்டு வாங்காமல், அதன் உள்ளே இருந்த மாறிகளை நேரடியாகத் தொட்டிருந்தார்.

"வாசல்ல நின்னு கேக்காம பக்கத்து வீட்டு அடுப்படியில பூந்து மொளகாப்பொடி எடுத்துட்டேன். இப்ப அவங்க டப்பாவெல்லாம் மாத்தி வெச்சிட்டாங்க."

"டப்பா இல்ல பப்பா, அடுப்படியே இல்ல."

"வாய் மட்டும் பாரிஸ் வரைக்கும். அடுத்த வரியப் படி."

பள்ளியிலிருந்து வசந்தா டீச்சர் அழைத்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் வேண்டும்.

"அடிச்சிடலாம்மா," என்றார் பப்பா. என்னிடம், "காலையில ரெட்டியார்பாளையம் வரைக்கும் போவணும்."

காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும், வீட்டில் இருந்த அதே பள்ளிக் கணினி முன் உட்கார்ந்தேன். ஒரு வரியைத் திருத்தினால் வேறெங்கோ உடைந்தது. கம்பைல் ஆனபோது கணினியே உறைந்தது. கர்னலுக்குள் ஓடும் நிரல். விழுந்தால் தான் மட்டும் விழாது, கணினியையும் சாய்க்கும். மறுபடி இயக்கினேன். மறுபடி உறைந்தது. பப்பா எங்கே முடிகிறார், கர்னல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

வசந்தா டீச்சர் மீண்டும் அழைத்தார். "பசங்க கேக்கறாங்கப்பா. வராதுன்னு சொல்லிடட்டுமா?"

உறைந்த திரையைப் பார்த்தபடி போனை வைத்தேன்.

வைத்த உடனே பப்பாவின் செல்போன் அடித்தது. ரெட்டியார்பாளையத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ராஜாங்கம்.

"அர்மான் சார், பழைய கர்னல் ஓடற மாதிரி போர்டு ஒன்னு கேட்டீங்களே. தனியா எடுத்து வெச்சிருக்கேன். காலையில வரேன்னீங்க, ஆளையே காணோம்?"