ஆம்பளக் குரல் எங்க வீட்ல, பொம்பளக் குரல் செல்வி வீட்ல

பாட்டு செட்டுல ஸ்விட்ச்ச போட்ட ஒடனே சூடான தூசி வாசம் ஒண்ணு வரும்... அப்புறம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம். அந்த உஸ்ஸு கேட்டாலே பக்கத்து வீட்ல தையல் மெஷின் நின்னுரும்.

கண்டிக்குப் பக்கத்துல, கெலிஓயாவுல எங்க வீட்டுக்கும் என் சிநேகிதி செல்வி வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுருதான். அதுவும் கூரை வரைக்கும் போகாது, மேல ஒரு சாண் இடைவெளி. அவங்க வீட்ல மொளகா தாளிச்சா எங்க அம்மாவுக்குத் தும்மல் வரும். செல்வியோட அப்பா முத்தையா மாமா டவுன்ல சின்னதா ஒரு தையல் கடை வச்சிருந்தாரு, மிச்ச வேலைய வீட்டுக்குக் கொண்டாந்து தைப்பாரு. எங்க அப்பாவுக்குக் கண்டியில ஒரு புடவைக் கடையில வேல. மொதலாளி புதுசு வாங்குனப்ப பழைய ஸ்டீரியோ கெசட் செட்ட அப்பாவுக்குக் குடுத்துட்டாரு. ரெண்டு ஸ்பீக்கர் பொக்ஸோட!

முத்தையா மாமாவுக்குப் பாட்டுன்னா உசுரு. ஆனா சத்தமா வைக்க முடியாதே... தமிழங்கள அடிச்ச எழுபத்தேழு கலவரத்துக்கு அப்புறம், ரோட்டுக்குக் கேக்குற மாதிரி தமிழ்ப் பாட்டு வைக்க எங்க பக்கம் யாருக்கும் தைரியம் இல்ல. அதனால மாமா செவுத்துல காத வச்சுக்கிட்டு நிப்பாரு. அப்பாவுக்கு மனசு கேக்கல. ஒரு ஞாயித்துக்கெழம ஒரு பொக்ஸோட வயர நீட்டி, செவுத்துக்கு மேலால போட்டு, அந்தப் பக்கம் எறக்கி விட்டுட்டாரு.

"மச்சான், இனிமே செவுத்துல காதத் தேய்க்காதீங்க. உங்க பங்கு உங்க வீட்டுக்கே வந்துருச்சு!"

வேடிக்க அங்கதான் தொடங்குச்சு. அந்தக் காலத்து ஸ்டீரியோ கெசட் சிலதுல டூயட்ட ரெண்டா பிரிச்சு வச்சிருப்பாங்க. ஆம்பளக் குரல் ஒரு ஸ்பீக்கர்ல, பொம்பளக் குரல் மத்ததுல. அப்ப என்னாகும்? ஹீரோ எங்க வீட்ல, ஹீரோயின் செல்வி வீட்ல. சத்தத்தக் கொறச்சே வைக்கிறதால, செவுத்துக்கு அந்தப் பக்கத்துக் குரல் முணுமுணுன்னு கேக்கும், வார்த்த புரியாது.

எங்க ரெண்டு பேருக்கும் பத்து பதினோரு வயசு இருக்கும். ஆம்பள வரியெல்லாம் எனக்கு அத்துப்படி, பொம்பள வரியெல்லாம் அவளுக்கு. பாத்திரம் கழுவிக்கிட்டே நான் ஒரு வரி பாடுவேன்... செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து அவ அடுத்தத எடுப்பா.

பள்ளிக்கூட கொன்சர்ட்டுக்கு எங்கள டூயட் பாட விட்டாங்க. எனக்குக் கீச்சுக் கொரல். அதனால டீச்சர், "வசந்தி, நீ பொம்பள வரியப் பாடு. ஆம்பள வரிய செல்வி பாடட்டும்"னாங்க. ரெண்டு பேரும் திருதிருன்னு முழிச்சோம்.

"எனக்குத் தெரியாது டீச்சர்... அது அவங்க வீட்டுப் பாட்டு"ன்னா செல்வி!

டீச்சர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

எண்பத்து மூணு கலவரத்துல முத்தையா மாமாவோட கடைய எரிச்சுட்டாங்க. கடை மெஷின், ஊர்க்காரங்க தைக்கக் குடுத்த துணி, எல்லாம் போச்சு. வீட்டுக்குப் பின்னால இருந்த சிங்களக் குடும்பம் எங்க ரெண்டு வீட்டு ஆளுங்களயும் அவங்க அறையில ஒளிச்சு வச்சிருந்ததால உசுரு தப்புனோம்.

மாமா குடும்பம் இந்தியாவுக்கே போறோம்னு எழுதிக் குடுத்து, பாஸ்போர்ட்டும் எப்பவோ வந்திருந்துச்சு. "போகணும், போகணும்"னு சொல்லிக்கிட்டே தள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நானும் செல்வியும் அதப்பத்திப் பேசவே மாட்டோம். பேசுனா நடந்துருமோன்னு பயம். கலவரத்துக்கு அப்புறம் மாமா தள்ளிப் போடல.

போற அன்னைக்குக் காலையில அந்தப் பொக்ஸ நல்லாத் தொடச்சு, தூக்கிக்கிட்டு வந்தாரு.

"நீங்களே கொண்டு போங்கண்ணே, ஞாபகமா இருக்கட்டும்"னாங்க அம்மா.

"ஒத்தையா கொண்டு போயி என்ன தங்கச்சி பண்றது? இங்க ஜோடியா இருக்கட்டும்."

செல்வி எண்ணெ வழிய ரெட்டச் சடை பின்னி, வேன்ல ஜன்னல் பக்கம் ஒக்காந்திருந்தா. தலைமன்னார் போயி கப்பல் ஏறணும்னு பெரியவங்க பேசிக்கிட்டாங்க. வேன் பேராதனைப் பக்கம் திரும்புற வரைக்கும் அவ கை வெளிய தெரிஞ்சுச்சு.

அன்னைக்கு சாயந்தரம் அப்பா பொக்ஸ் ரெண்டையும் அலுமாரிக்கு ரெண்டு பக்கமும் வச்சு எங்க டூயட்ட போட்டாரு. வயர நீட்டுனதுக்கு அப்புறம் மொத மொதலா முழுப் பாட்டு! செல்வியோட வரி எங்க வீட்டுக்குள்ளயே, அவ்வளவு தெளிவா...

நான் ஓடிப்போயி செவுத்துல காத வச்சேன். அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. ஓன்னு அழுதுட்டேன். அப்பா செட்ட நிப்பாட்டிட்டு, சட்டையக்கூட போடாம வெளிய போயிட்டாரு.

இப்ப எங்க வீட்டு மாடியில ஒரு அறைய மீடியா ரூமா மாத்துறோம். மகனோட ஆச. போன வாரம் கண்டியில ஒரு கடையில நின்னுக்கிட்டு ஸ்டீரியோவா, சரவுண்டான்னு எங்களுக்குள்ள ஒரே இழுபறி.

"அம்மா, சரவுண்ட்ல படத்துல மழை பேஞ்சா நம்ம தலைக்கு மேலயே பெய்யும்மா!"

கடைக்காரத் தம்பி, என்ன பாட்டு போடட்டும்னு கேட்டாரு. அந்த டூயட்ட சொன்னேன். சரவுண்டுக்குன்னே புதுசா செஞ்சது இருக்குன்னு தேடிப் போட்டாரு. சுத்திவர வயலினு... ரெண்டு குரலும் முன்னுக்கு நடுவுல இருந்த ஒரே பொக்ஸுக்குள்ள இருந்து வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

"பழசு இருந்தா ஸ்டீரியோவுல ஒருக்கா போடுங்க தம்பி"ன்னேன்.

இடது பக்கம் ஆம்பளக் குரல் வந்துச்சு. கொஞ்சம் பொறுத்து, வலது பக்கம் தூரத்துல இருந்து அவ...

"எனக்கு இதுதான் வேணும்."

மகன் என்னைய ஒரு மாதிரி பாத்தான். ஏன்னு கேட்டான். நான் காச எடுத்துக் குடுத்தேன்.

அப்பல்லாம் ஒரு செவுரு தூரத்துல இருந்தா செல்வி. இப்ப நீலகிரிப் பக்கம் எங்கயோ இருக்காளாம், அவ்வளவுதான் தெரியும். கையில இருக்குற போன்ல ஒலகத்தையே தேடுறோம்... அவ கல்யாணம் கட்டி என்ன பேரு சேத்துக்கிட்டான்னு தெரியாம எங்க போயி தேடுவேன்?

பொக்ஸ் ரெண்டும் வந்து மாட்டியாச்சு. நேத்து யாரும் இல்லாத நேரம் பாத்து அந்தப் பாட்ட போட்டேன். என் வரியெல்லாம் வாய் விட்டுப் பாடுனேன். அவ வரி வந்ததும் வாய் தானா மூடிக்கிச்சு.

இத்தன வருஷத்துல அந்த வரிகள நான் ஒருக்காகூட பாடுனதில்ல. நானே பாடிட்டா அவ வரமாட்டான்னு ஒரு பயம்.