வெள்ளையில் கரைந்த ஐந்தாவது வரி

என் அக்காவுக்கு மார்பில் கட்டி இருந்தது. அது எந்த மாதிரிக் கட்டி என்று பார்க்கிற சோதனை மூன்று வாரம் தள்ளிப்போனது. தள்ளிப்போனதற்குக் காரணம் ஒரு வெப் பக்கத்துக்காக நான் எழுதிய ஒரே ஒரு வரி. இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அக்காவிடம் சொல்ல எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் வெப் டிசைன் ஆபீஸ். ஆறு பேர் இருக்கிறோம். பக்கங்களின் தோற்றத்தை சிஎஸ்எஸ் என்கிற கணினி மொழியில் எழுதுவது என் வேலை, அதிலும் நிறம் என் தனிப் பொறுப்பு. ஒரு நிறம் இன்னொரு நிறமாக மெல்ல மாறுகிறதே, அந்த கிரேடியன்ட் என்றால் என்னிடம்தான் வருவார்கள். எந்தத் திசையில் மாற வேண்டும், எதில் தொடங்கி எதில் முடிய வேண்டும், எத்தனை சதவீதத்தில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். சுலபமாக இருப்பதால் ஆளாளுக்குக் கேட்பார்கள். ஒரு புடவைக்கடைக்காரர் மயில்கழுத்து வேண்டும் என்று ஒரு வாரம் உயிரை வாங்கினார். நீலத்தையும் பச்சையையும் போட்டுக் காட்டினால், இது மயில் இல்லை மேடம், குளத்துப் பாசி என்றார்.

நீலத்திலிருந்து மஞ்சளுக்கு நேராகப் போனால் நடுவில் சாம்பல் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதமே அதில் மாட்டுவார்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு நிறத்தைச் செருகிவிட்டால் சாம்பல் ஓடிவிடும். பதினாறு வருடமாக இப்படி அழுக்கு தெரியாமல் நிறம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன், ஆனால் நிறத்தை மட்டும்தான். பக்கத்தில் இருக்கிற எழுத்தை எங்கள் ஆபீஸில் யாரும் படிப்பதில்லை. கஸ்டமர் அனுப்புவார், நாங்கள் கொண்டுபோய்க் கொட்டுவோம்.

மயிலாப்பூரில், சாந்தோம் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட்டில் அக்காவும் நானும் இருக்கிறோம். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்கு எங்கள் சர்ச்சில், பங்குக்காரர்கள் நடுவில் சொல்லப்படும் காரணங்கள் எங்களைவிட மற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்கு எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்ய வேண்டும். கேக் மாவு பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட இரண்டு தரம் படிப்பாள். தெரிந்தவர் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், சனிக்கிழமை கோயில் ஆபீஸுக்குப் போய் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்தப் பெயரை வாசிப்பார்கள். பெயரில் ஒரு எழுத்து தப்பாக வாசித்தாலும் வீட்டுக்கு வருகிற வரை முணுமுணுத்துக்கொண்டு வருவாள்.

அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டர் எங்களிடம் வெப்சைட் செய்யக் கொடுத்தது. அங்கே மேனேஜருக்கு ஒரே ஒரு பிடிவாதம். போனில் பக்கத்தைத் திறந்ததும், விரலால் தள்ளாமலேயே, முன்பதிவு பட்டன் தெரிய வேண்டும். சோதனைக்கு வருகிறவர்களுக்கான குறிப்புகள் நீளமாக இருந்தன. அதனால் முதல் நான்கை மட்டும் காட்டி, மீதியை மடித்து வைத்தோம். "மேலும் படிக்க" என்று கீழே போட்டிருந்தேன். அது கண்ணை உறுத்துகிறது, சின்ன அம்புக்குறி போதும் என்றார். போட்டேன். ஐந்தாவது குறிப்பு சட்டென்று வெட்டுப்படாமல் இருக்க அதன் மேல் ஒரு கிரேடியன்ட் விரித்தேன். மேலே ஒன்றும் இல்லாமல் தொடங்கி, கீழே போகப் போக முழு வெள்ளையாகிற திரை அது. எழுத்து மெல்லக் கரைந்து வெள்ளையில் போய்விடும்.

வீட்டில் அதை அக்காவின் பழைய போனில் திறந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவள், கீழே ஏதோ அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறதே என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஒன்றுமில்லை என்பதற்கு நான் எழுதியிருந்த சொல்லை, சில பழைய பிரவுசர்கள் கருப்பு என்று எடுத்துக்கொள்ளும். கருப்பிலிருந்து வெள்ளைக்குப் போவதால் நடுவில் சாம்பல் தட்டும். அது என்ன, ஏன் மங்குகிறது என்று அக்கா கேட்டதற்கு, அது சும்மா அழகுக்கு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை என்பதை எடுத்துவிட்டு, கண்ணுக்கே தெரியாத வெள்ளை என்று மாற்றி எழுதினேன். அரை நாள் வேலை. மறுபடி காட்டினேன். இப்போ சுத்தமா இருக்கு என்றாள். சுத்தமாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் எழுத்து இருந்ததற்கான அடையாளமே இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்துதான் அக்காவுக்குக் கட்டி தெரிந்தது. டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அடையாறு சென்டருக்கே எழுதிக் கொடுத்தார். என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது எல்லாம் அவர்கள் வெப்சைட்டில் இருக்கும், படித்துவிட்டுப் போங்கள் என்றார். அக்கா படித்தாள். டைனிங் டேபிளில் உட்கார்ந்து, ஒரு தாளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் போட்டு எழுதினாள். பழைய ரிப்போர்ட்டுகள், துணைக்கு ஒருவர், தளர்வான உடை, நகை வேண்டாம். எதிரில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் போனில் என்னுடைய பக்கம் திறந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாவது குறிப்பு இது: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய டாக்டரிடம் கேட்டு அதை ஐந்து நாள் முன்பே நிறுத்திவிட்டு வர வேண்டும். அக்காவுக்குப் போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அந்த மாத்திரையை, சோதனைக்குப் போன அன்று காலையிலும் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

சென்டரில் நர்ஸ் கேட்டதும் அக்கா மாத்திரையின் பெயரைச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பேனாவை வைத்துவிட்டாள். வெப்சைட்டில் போட்டிருக்கிறதே மேடம், படிக்கவில்லையா என்று கேட்டாள். அக்கா கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். நான்கு வரிக்கும் பக்கத்தில் டிக் போட்டிருந்தது. நர்ஸ் அக்காவின் போனை வாங்கி, பக்கத்தைத் திறந்து, அம்புக்குறியைத் தொட்டாள். ஐந்தாவது வரி இறங்கி வந்தது. அக்கா அதை முழுக்கப் படித்தாள். பிறகு போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சாரிம்மா. நான்தான் கவனிக்கல."

அக்கா சொன்னது இவ்வளவுதான். என் பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்தால், எங்களை இறக்கிவிட்ட ஆட்டோ அங்கேயே சவாரிக்கு நின்றுகொண்டிருந்தது. "இன்னாக்கா, போன வேகத்துல வந்துட்டீங்க?" என்று டிரைவர் கேட்டார். நாங்கள் ஏறிக்கொண்டோம்.

இதய டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் வந்து பார்த்து, சரி என்று சொல்லி, மாத்திரையை நிறுத்தி, சென்டரில் மறுபடி ஒரு தேதி கிடைப்பதற்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்த மூன்று வாரமும் நான் ஒழுங்காக ஆபீஸ் போனேன். புடவைக்கடையின் ஆடித் தள்ளுபடிக்கு ஊதாவிலிருந்து ஆரஞ்சுக்கு ஒரு பேனர் செய்தேன், நன்றாக வந்தது. ஸ்கேன் சென்டரின் பக்கத்தை மட்டும் நான் திறக்கவில்லை. மாற்ற வேண்டும் என்றால் மேனேஜரிடம் கேட்க வேண்டும், ஏன் என்று அவர் கேட்பார், நான் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கை போகவில்லை. பயமா, வெட்கமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வேளாவேளைக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.

இரண்டாவது தடவை அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனபின் நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். ஒரு பெரியவர் தன் மனைவியுடன் வந்தார். திருவண்ணாமலைப் பக்கமிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னார். நர்ஸ் மாத்திரை பற்றிக் கேட்டாள், அந்த அம்மாவும் சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும், வெப்சைட்டில் போட்டிருக்கிறதே என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல அப்படி ஒண்ணும் போடலையேம்மா" என்றார். அந்த அம்மா, அப்போதுதான் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்திருந்த தோட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. திரையை எடுத்தேன், மடிப்பை எடுத்தேன், அம்புக்குறியை எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முன்பதிவு பட்டன் கீழே போய்விட்டது. இன்றுவரை மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். அக்குளில் ஒரு நிணநீர் முடிச்சுக்கும் பரவியிருந்தது. மூன்று வாரம் முன்னால் பார்த்திருந்தால் அங்கே போயிருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். அக்கா என் முழங்கையைத் தொட்டு, போதும் என்கிற மாதிரி அழுத்தினாள். அதன்பிறகு ஆபரேஷன், ஊசி மருந்து, வாந்தி, மோர், மறுபடி ஊசி. முடி கொட்டியதும் பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு, கன்னியாஸ்திரி ஆகிவிட்டேன் பார் என்றாள். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும், மருந்து வாங்க வேண்டிய நேரத்தில் வாங்கவும் என்னால் முடிந்தது. அதற்கு மேல் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், அக்கா கோயில் ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டிய சீட்டை எடுத்து வைத்தாள். அவளால் போக முடியாததால் இப்போது நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஊசி போடும் இடத்தில் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர்களின் பெயரெல்லாம் கேட்டு வந்து எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த சென்டர் பக்கத்தை நான்தான் பண்ணேன்."

"தெரியும்டி. என்கிட்டதானே காட்டினே?" எழுதுவதை அவள் நிறுத்தவில்லை. "அழகுக்குன்னு நீ சொன்னே. அதான் அதைத் தொட்டுப் பார்க்கல."

ஒரு மாணவியின் கணக்கில் எந்த இடத்தில் தப்பு வந்தது என்று காட்டுகிற மாதிரிதான் சொன்னாள், கோபம் இல்லை. அப்புறம், மாற்றிவிட்டாயா என்று கேட்டாள். மாற்றிவிட்டேன் என்றேன். என்றைக்கு என்றாள். நீ இரண்டாவது தடவை போன அன்றைக்கு என்றேன்.

பேனா நின்றது. கணக்கு டீச்சர் இல்லையா, கூட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்னைத் திருப்பி அனுப்பினப்பவே உனக்குத் தெரியும். மூணு வாரம் அப்படியே விட்டு வெச்சிருந்தியா?"

ஆமாம் என்றேன். இப்போது அவள் குரல் மாறியிருந்தது. தனக்கு நடந்ததற்கு வராத கோபம் அதில் இருந்தது.

"எனக்கப்புறம் யாராவது திரும்பிப் போனாங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "எனக்குத் தெரிஞ்சு ஒருத்தங்க" என்றேன். பஸ்ஸையும், கைக்குட்டையில் முடிந்திருந்த தோட்டையும் சொன்னேன். அக்கா முழுக்கக் கேட்டாள். பிறகு சீட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த அம்மா பேர் எழுது."

"கேக்கலக்கா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கட்டி என்று சொன்ன அன்றைக்கும், முடிவு வந்த அன்றைக்கும், ஆபரேஷன் அன்றைக்கும் வராதது, டைனிங் டேபிளில் ரசம் பாத்திரத்துக்கு முன்னால் வந்தது. அக்கா தேற்றவில்லை. நான் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்தாள். அப்புறம், பேர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது, ஒருத்தர்தானா என்றும் நமக்குத் தெரியாது என்றாள்.

சீட்டில் ஏற்கெனவே நான்கு பெயர் இருந்தது. அதன் கீழே, ஐந்தாவதாக, திரும்பிப் போனவர்களுக்காக என்று எழுதினேன். அக்கா அதை வாங்கி, தூரமாகப் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்து சின்னதாக இருக்கிறது, வாசிக்கிறவருக்குத் தெரியாது, பெரிதாக எழுது என்று திருப்பிக் கொடுத்தாள்.