மேசைக்குள் ஒன்பது வருடம்

பட்டறையில் எல்லாருக்கும் அவள் 'டொக்டொக் அக்கா'. வந்திறங்கும் பலகை ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். தேறும், தேறாது என்று அவள் சொல்வதுதான் இருபத்திரண்டு வருடமாக அங்கே கடைசி வார்த்தை.

அந்த வார்த்தைதான் அன்று சந்திக்கு வந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன் நூலகத்துக்குச் செய்து கொடுத்த மேசையில் ஓட்டை. அதே மரத்தில் செய்த பதினாறு அலமாரிகளையும் சேர்த்துத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் நூலகர்.

"உன் காதை நம்பித்தானேம்மா நான் கண்ணை மூடிக்கிட்டேன்," என்றார் முதலாளி, நூலகம் போகும் வழியெல்லாம்.

மரம் துளைப்பதில் இரண்டு வண்டுகளை அவளுக்குத் தெரியும். இரண்டுக்கும் பூர்வீகம் காடுதான். குணம் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. துகள்வண்டு காய்ந்த பலகையிலேயே முட்டையிட்டு, பேரன் பேத்தி எடுத்து, பக்கத்துப் பலகைக்கும் குடிபோகும். குண்டூசித் தலையளவில் நூறு ஓட்டை, கீழே பவுடர் மாதிரி மாவு. அதுவென்றால் அலமாரிகளோடு அவள் பெயரும் போச்சு. பொன்வண்டோ, மரம் காட்டில் நிற்கும்போதே பட்டையில் முட்டை வைத்துவிடும். அறுத்த பலகையில் அதன் புழு மாட்டிக்கொண்டால், சத்தில்லாத மரத்தைத் தின்று வருடக்கணக்கில் வளரும். பிறகு ஒரே ஓட்டை. போனால் போனதுதான்.

மேசையடியில் மண்டியிட்டாள். ஒரே ஓட்டை, நீள்வட்டம். மாவு இல்லை. டார்ச் அடித்தாள். உள்ளே பச்சையாக ஏதோ மின்னி, அசைந்தது.

"பொன்வண்டுங்க. அலமாரிக்குப் பரவாது."

"அப்போ நீங்க தட்டிப் பார்த்தப்போ இது எங்க இருந்துச்சு?" என்றார் நூலகர்.

முதலாளி அவளைப் பார்த்துக் கண்ணால் 'வேண்டாம்' என்றார்.

"உள்ளதாங்க இருந்திருக்கு. எனக்குக் கேக்கலை."

நூலகர் அலமாரிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அலமாரிங்க இருக்கட்டும்," என்றார்.

முதலாளி ஓட்டையை அடைக்கப் பையிலிருந்து மக்கு டப்பாவை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்கண்ணே. அது வரட்டும்."

இந்த ஒன்பது வருடத்தில் அவளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மேலே எத்தனை பேர் முழங்கை ஊன்றிப் படித்திருப்பார்கள். கீழே இது வெளிச்சமே காணாமல், யாரும் சொல்லித்தராமல், தங்கப்பச்சையில் தன்னைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

முதலில் ஒரு கால் வந்து விளிம்பைத் தொட்டுப் பார்த்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.