பயந்து ஊதிய விசில்

வாரத்தில் ஆறு நாள் ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் மடிப்பு விரித்துக் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை கறுப்பு பேண்ட் மாட்டிக்கொண்டு கூடைப்பந்து நடுவராகிவிடுவேன். வாயில் விசில் இருந்தால் பெரிய வீரன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அன்றைக்கு இறுதி ஆட்டம். எங்கள் ஊர் அணியும் செய்யாறு கம்பெனி ஆட்களின் அணியும். ஆறு விநாடி மிச்சம். செய்யாறு ஒரு புள்ளி பின்னால். திடீரென்று அவர்கள் பந்தைப் பறித்து, முன்னால் ஓடிய கேப்டனுக்கு வீசினார்கள். கேப்டன் என்னை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தார். பந்து என் மூக்கைப் பார்த்தே வந்தது. அவர் அதை என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் பிடித்தார். நான் பயத்தில் மூச்சை விட்டேன். வாயில் விசில் இருந்தது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். கேப்டனுக்கு முன்னால் ஒரு ஆள்கூட இல்லை, போட்டிருந்தால் கோப்பை.

என் கை தானாகவே தலைக்கு மேல் போய்விட்டது. விரலை மூடினால் ஃபவுல், விரித்தால் வெறும் நிறுத்தம். ஒரு அடி பின்னால் எங்கள் ஊர் ஆட்டக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் தலையில் ஃபவுலைக் கட்டினால் கேப்டனுக்கு இரண்டு இலவச வீச்சு. என் மானமும் பிழைக்கும். ஆனால் அவர் யாரையும் தொடவே இல்லை. அதோடு ஏற்கெனவே நாலு ஃபவுல் வாங்கியவர். ஐந்தாவது என்றால் வெளியே போக வேண்டியதுதான்.

இன்னொரு நடுவரான பி.டி. டீச்சர் ஓடி வந்தார்.

"என்னாத்துக்குண்ணே விசிலு?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஊதினீங்க?"

"பந்து மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. பயந்துட்டேன்."

டீச்சர் சிரிப்பை அடக்கக் குனிந்து ஷூ லேஸைத் தொட்டார். "பந்து அவங்க கையில இருந்துச்சில்ல? அவங்களுக்கே சைடுலேர்ந்து குடுத்துடுங்க, ஜல்தி."

விரல்களை விரித்தேன். "தப்பு என்னுது. செய்யாறு பந்து," என்று கத்தினேன். குரல் பாதி வழியில் உடைந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர், "மாமோய், புடவையே விரி, அதான் உனக்கு சரி!" என்றார்.

பந்தை உள்ளே எறிந்தார்கள். இப்போது கேப்டனைச் சுற்றி மூன்று பேர். அவர் தூரத்திலிருந்து போட்டார். வளையத்தில் மோதி வெளியே விழுந்தது. எங்கள் ஊர் ஜெயித்தது.

தயங்கித் தயங்கிக் கேப்டனிடம் போனேன். "நான் ஊதலைன்னா போட்டிருப்பீங்க."

"கண்ணை மூடிகினே போட்டிருப்பேன் சார். செம பேஜார் பண்ணிட்டீங்க." முகத்தைத் துண்டால் துடைத்தார். "ஃபவுல்னு எதனா கத வுடுவீங்கன்னு பாத்தேன். சரி, இங்க பிரியாணி எந்தக் கடையில நல்லா இருக்கும்?"

அழைத்துப் போனேன். தோற்ற அணி முழுக்க அடித்துப் பிடித்துச் சாப்பிட்டது. நான் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தோத்தது நாங்க," என்றார் கேப்டன். "நீங்க ஏன் சார் துன்னாம குந்திகினு இருக்கீங்க?"

அதற்குப் பிறகு இரண்டு பிளேட் சாப்பிட்டேன்.