இன்றைக்குப் படிக்கக் கூடாது

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். லதிகா சாபுய் பார்ப்பாள். பல்லைப் பார்த்து, வயிற்றைத் தட்டி, மாட்டை ஓட்டிவந்தவரின் முகத்தையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பாள். கொல்கத்தாவில் சியால்தா ஸ்டேஷன் மேம்பாலத்தைச் சுற்றியிருந்த தர்மவான்கள் அத்தனை பேருக்கும் அவள் வேப்பங்காய்.

இவ்வளவு வாய் இருந்தும் அவள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. தெற்கே கானிங் ஊர்ப் பக்கத்து மீன்கூடைக்காரர் ஒருவரின் மகள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டம் வாங்கினால் நாலு பேர் மதிப்பார்கள் என்று நம்பி நகரத்துக்கு வந்தாள். நகரம் அவளை ஒரு ஹோமியோபதி மருந்துக்கடையில் உட்கார்த்தி, சர்க்கரை உருண்டைகளைக் குப்பியில் நிரப்பச் சொன்னது. தலைமுடி நரைக்க ஆரம்பித்தபோதும் அதையேதான் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த உருண்டைகளுக்காகத்தான் பிள்ளைகள் வந்தார்கள். மேம்பாலத்துக்கு அடியில் பிறந்து, அங்கேயே உண்டு உறங்கும் குடும்பங்களின் பிள்ளைகள்.

"தீதி, வயித்துவலி. அந்த இனிப்பு மருந்து குடு."

"உன் பேர எழுது. தரேன்."

எழுதத் தெரியாது. மருந்து மடிக்கும் காகிதத்தில் அவளே எழுதிக் காட்டினாள். மறுநாள் இன்னும் நாலு பேருக்கு வயிற்றுவலி வந்தது. பாலத்தடிப் பள்ளிக்கூடம் பிறந்த கதை அவ்வளவுதான். சேவை மனப்பான்மை என்று யாராவது புகழ்ந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஓசியில குடுக்க எனக்கு மனசு வரல. அதான் எழுதச் சொன்னேன்" என்பாள்.

குளிர்காலம் பிறந்தால் பாலத்தடியில் புண்ணியம் கரைபுரண்டு ஓடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு கம்பளி கொடுக்க நான்கு ஆண்பிள்ளைகள் சேர்ந்து அதன் நான்கு முனைகளைப் பிடித்துக்கொள்வார்கள். நான்கு பேரும் பிள்ளையைப் பார்க்கமாட்டார்கள், போனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரே நாளில் மூன்று சங்கங்கள் வந்தால் அதே பிள்ளை மூன்று முறை குளிரில் நடுங்கிக் காட்ட வேண்டும். மழைக்காலத்தில் படுக்கைக்குள் சாக்கடை புகும்போது இவர்களில் ஒருவரையும் காணோம். மழையில் போட்டோ சரியாக விழாது போலும்.

போன மழையில் பாடப் புத்தகங்கள் மிதந்து போயின. அதிலிருந்து லதிகாவுக்கு ஒரே பிடிவாதம். அடுத்த மழைக்குள் கதவும் கூரையும் உள்ள ஓர் இடம் வேண்டும். மருந்துக்கடைத் தெருவில் இருந்த கிளப்பின் பின்னறையில் கேரம் பலகையும் துருப்பிடித்த கோப்பைகளும்தான் குடியிருந்தன. செயலாளர் ஹாபுலிடம் போய்க் கேட்டாள்.

"ரூம் இருக்கு லதிகா. ஆனா சும்மா குடுத்தா கமிட்டி குதிக்கும்" என்றார் ஹாபுல். "நம்ம சௌமேந்து பாபு அமெரிக்காலேர்ந்து வந்திருக்காரு. ஒரு வருஷ வாடகைய அவர் குடுத்துருவாரு. நம்ம கிளப் சரஸ்வதி பூஜை அன்னிக்கு வராரு. பசங்க அவர் முன்னாடி நல்லா படிச்சுக் காட்டினாப் போதும்."

சௌமேந்து பாபு முப்பது வருடமாக அமெரிக்காவில் இருப்பவர். வங்காளத்தில் சரஸ்வதி பூஜை தை, மாசியில்தான்; அதை ஒட்டித் தெருவுக்கு வருவார், புது ஈச்சவெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பைச் சாப்பிடுவார், யாருக்காவது எதையாவது கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார்.

"சரி. ஆனா என் பசங்க புத்தகத்தையும் பூஜையில வைக்கணும்" என்றாள் லதிகா.

ஹாபுல் மூக்கைச் சுளித்தார். தெருப்பிள்ளைகளின் புத்தகங்களும் பேனாக்களும் தேவியின் காலடியில் குவியும். பாலத்தடிப் பிள்ளைகளுக்கு எல்லாரும் சாப்பிட்ட பிறகு அண்டாவில் ஒட்டிய கிச்சடி. அதுதான் வழக்கம்.

"அதுல பூச்சி கீச்சி இருக்குமே?"

"இருந்தா என்ன ஹாபுல் அண்ணா? உங்க கமிட்டியில இல்லாததா?"

லதிகா சாமி கும்பிடுபவள் அல்ல. ஆனால் சின்ன வயதில் கானிங்கில், மீன்வாடை அடிக்கிறது என்று அவள் புத்தகத்தை மட்டும் பந்தலுக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். சாமியை விட்டாள், அதை விடவில்லை.

பூஜை நாள் காலையில் பிள்ளைகள் தெருக்குழாயில் குளித்து, பூஜைக்குரிய மஞ்சள் நிறத்தில் கிடைத்த துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் டுக்டுகி. பத்து வயது. அவள் அம்மா ஸ்டேஷனில் எலுமிச்சம்பழம் விற்பவள். வங்காளப் பாடத்தை டுக்டுகி மூச்சுவிடாமல், விரைவு ரயில் சின்ன ஸ்டேஷன்களைத் தாண்டுவதுபோல வாசிப்பாள். அட்டை கிழிந்த தன் புத்தகத்தை தேவி சிலையின் அன்னத்தின் அலகுக்கு நேர் கீழே, தேவியின் காலில் பட்டும் படாமலும் வைத்தாள். பூசாரி தடுக்கவில்லை. டுக்டுகி இரண்டு முறை திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

மலரஞ்சலி முடிந்த பிறகே சௌமேந்து பாபு வந்தார். பட்டுக் குர்த்தா, கழுத்தில் சால்வை, பின்னால் போனை உயர்த்திப் பிடித்த ஒருவர்.

"எங்கே நம்ம குட்டிங்க? ஏதாச்சும் படிங்க, கேட்போம்!"

ஹாபுல் பாய்ந்து போய்க் குவியலின் மேலிருந்த டுக்டுகியின் புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க மாமா!" என்றாள் டுக்டுகி. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இன்னிக்குப் படிக்கக் கூடாது. நாளைக்குத்தான்."

சௌமேந்து பாபு சிரித்தார். "கூச்சப்படுது. ஒரு வரி படி மா. நாளைக்குக் காலையில எனக்கு ஃபிளைட்."

"இன்னிக்குப் படிச்சா படிப்புப் போயிடும்."

"அடடா, இதையெல்லாம் யாரு இதுங்க தலையில ஏத்துனது? நான் படிப்புக்குக் குடுக்க வந்தேன், மூடநம்பிக்கைக்கு இல்ல." போன்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஒருவேளை படிக்கவே தெரியாதோ என்னவோ."

டுக்டுகி லதிகாவைப் பார்த்தாள். படி என்று ஒரு சொல் போதும், அவள் படித்துவிடுவாள். அறை கிடைத்துவிடும். லதிகாவுக்கு அது தெரியும். முதன்முதலாகக் குவியலுக்குள் போன புத்தகத்தை உருவச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாக்கு வரை வந்தது. வெளியே வந்ததென்னவோ வேறு.

"படிப்பா. ஆனா முதல்ல உங்க பையன் படிக்கட்டும் ஹாபுல் அண்ணா. அதோ நிக்கிறானே. அவன் புத்தகத்த உருவிக் கையில குடுங்க."

ஹாபுலுக்கு முகம் செத்துவிட்டது. "பைத்தியமா உனக்கு? அடுத்த வாரம் அவனுக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சை! இன்னிக்குப் போய்ப் புத்தகத்தத் தொடச் சொல்ற?"

மஞ்சள் புடவைக் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப படிப்புப் போறது உங்க வீட்டுல மட்டும்தானா? இதுங்களுக்குப் போனா பரவாயில்ல, அப்படித்தானே?"

சௌமேந்து பாபு சால்வையைச் சரிசெய்தார். வெயில் ஏறிவிட்டது என்று யாரிடமோ சொன்னார். போகும்முன் பாலத்தடிப் பிள்ளைகளின் இலையில் தாமே கிச்சடி பரிமாறினார், கரண்டியை நடுவானில் நிறுத்தி, போன்காரர் தலையசைக்கும்வரை காத்திருந்து. அறையைப் பற்றிப் பேச்சே இல்லை.

மருந்துக்கடைக்குத் திரும்பியபோது லதிகாவுக்கு ஹாபுல்மேல் இருந்த இளக்காரத்தைவிடத் தன்மேல்தான் அதிகம் இருந்தது. யாருக்காக வாயைத் திறந்தாள்? டுக்டுகிக்காகவா, கானிங் பந்தலுக்கு வெளியே கிடந்த தன் புத்தகத்துக்காகவா? மழை வரும்போது நனையப்போவது அவள் இல்லை. அவளுக்கு வாடகை வீடு இருக்கிறது, கதவோடு. கொடுப்பவர்களை எடைபோட்டுப் பார்ப்பவள், தன்னையும் அன்று தராசில் ஏற்றினாள். முள் நல்ல பக்கம் சாயவில்லை.

மறுநாள் மாலை, மித்திர வீட்டுச் சித்தி, தெருவே காக்கிமா என்று அழைப்பவள், கடைக்கு வந்தாள். நடைபாதையில் தூங்குபவர்களை எழுப்ப விடிகாலையில் வாளித் தண்ணீரை வீசும் புண்ணியவதி. அவள் மகள் மௌ போன வருடம் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, இந்த வருடம் மறுபடி எழுதுகிறாள்.

"அந்தப் பொண்ணு நேத்து புத்தகத்தத் திறக்கவே இல்ல பாத்தியா?" காக்கிமா குரலைத் தாழ்த்தினாள். "அவ்ளோ பெரிய மனுஷன் கேட்டும் அசையல. தேவி பாத்துக்கிட்டுத்தானே இருந்தா. அது கால் எங்க வீட்டுல படட்டும், மௌ பாஸாயிடுவா. கார் வித்ததுலேர்ந்து கராஜ் சும்மாதான் கிடக்கு. சாயங்காலம் கிளாஸ் வச்சுக்க. செருப்ப வெளியில விடணும். குழாயத் தொடக் கூடாது."

"எத்தனை நாளைக்கு காக்கிமா?"

"மௌ பரீட்சை முடியட்டும். அப்புறம் ரிசல்ட் எப்படி வருதோ, அதப் பொறுத்து."

அந்தக் கணத்தில் லதிகாவின் நாக்கில் ஊறிய பதிலைக் கேட்டிருந்தால் காக்கிமா ஜன்மத்துக்கும் மறந்திருக்கமாட்டாள். வாளித் தண்ணீரிலிருந்து ஆரம்பித்து வம்சம் வரை போகக்கூடிய பதில். லதிகா ஒரு குப்பியைத் திறந்தாள், நாலு சர்க்கரை உருண்டைகளைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள், அவை கரையும்வரை வாயை மூடிக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

அன்று கராஜில் பழைய எண்ணெய் வாடை. பிள்ளைகளுக்குச் செருப்பு இல்லாததால் செருப்பை வெளியே விடும் சிரமம் யாருக்கும் இருக்கவில்லை. அன்னத்தின் அலகுக்குக் கீழிருந்து திரும்பிவந்த புத்தகத்தை டுக்டுகி பிரித்து, ரயிலை விட்டாள். சுவர்கள் அதிர்ந்தன. மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. காக்கிமா கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பது கராஜ் வாசலிலிருந்தே தெரிந்தது.

லதிகா அண்ணாந்து பார்த்தாள். பிறகு படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"மௌவ கணக்குப் புத்தகத்தோட கீழ அனுப்புங்க காக்கிமா. தினமும் அனுப்புங்க. தேவி ஒருத்திய மட்டும் நம்பி என்னால இருக்க முடியாது."